பேச்சில் பாதி கேட்பவருடையது

ஒருவர் பேசுகிறார், மற்றொருவர் கேட்கிறார். முன்னவர் மனத்திலிருந்த கருத்து பின்னவர் மனத்திற்குப் போய்ச் சேர்கிறது. பேச்சு என்றால் இவ்வளவுதான் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மூன்று வயதுக் குழந்தையும் செய்கிற வேலைதான் இது. ஆனால் கருத்து எதன் வழியாகப் போகிறது? அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று பேசியவருக்கு எப்படித் தெரிகிறது? இந்த இரண்டாவது கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கேட்காமல் விட்டதால் நூற்றுக்கணக்கான உயிர்கள் போனதும் உண்டு.

நம் பேச்சு வழக்கையே கவனியுங்கள். "எவ்வளவு சொன்னாலும் அவன் மண்டையில் ஏறவில்லை" என்கிறோம். "ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டான்" என்கிறோம். "இதைக் காதில் போட்டு வை" என்கிறோம். கருத்து ஏதோ ஒரு பண்டம் போலவும், சொல் அதை அடைத்து அனுப்பும் பெட்டி போலவும், காது அதை இறக்கிவைக்கும் வாசல் போலவும் இங்கே தோன்றுகிறதல்லவா? ஆங்கிலத்திலும் இதே கதைதான். மைக்கேல் ரெட்டி என்ற மொழியியலறிஞர் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில், பேச்சைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலேயரும் அமெரிக்கரும் வழங்கும் தொடர்களைத் தொகுத்துப் பார்த்தார். அவற்றில் மிகப் பல ஒரே படத்தைக் காட்டின. அது ஒரு குழாய். ஒரு முனையில் கருத்தை ஊற்றுகிறோம். மறுமுனையில் அது வெளிவருகிறது. இந்தப் படத்தில் கேட்பவருக்கு வேலையே இல்லை. குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றால் போதும்.

இந்தப் படத்திற்கு அறிவியலின் முத்திரையும் கிடைத்தது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பணியாற்றிய கிளாடு ஷானன் 1948-இல் செய்தித் தொடர்பின் கணிதக் கொள்கையை வெளியிட்டார். செய்தி ஒரு மூலத்திலிருந்து புறப்படுகிறது. அனுப்பும் கருவி அதைக் குறிகளாக மாற்றுகிறது. குறிகள் ஒரு தடத்தில் செல்கின்றன. வழியில் இரைச்சல் கலக்கிறது. பெறும் கருவி குறிகளை மீண்டும் செய்தியாக்குகிறது. இன்றைய கணிப்பொறியும் கைப்பேசியும் இக்கொள்கையின்மேல்தான் நிற்கின்றன. ஆனால் ஷானன் தம் கட்டுரையின் தொடக்கத்திலேயே ஓர் எல்லைக்கோடு போட்டுவிட்டார்: செய்தியின் பொருள் என்ன என்பது பொறியியலாரின் கவலை அன்று என்று தெளிவாகவே எழுதினார். தந்திக் கம்பிக்கு, அனுப்பப்படுவது மரணச் செய்தியா திருமண வாழ்த்தா என்பது தெரிய வேண்டியதில்லை. பின்னால் வந்தவர்கள் அந்த எல்லைக்கோட்டை மறந்து, கம்பிக்கு வரைந்த படத்தை மனிதருக்கும் மாட்டிவிட்டார்கள். அது ஷானனின் குற்றமன்று.

பன்னிரண்டு உருவங்கள்

மனிதர் இருவர் பேசும்போது உண்மையில் நடப்பது என்ன? இதை அளந்து பார்க்க ஓர் அழகான சோதனை உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் கிளார்க்கும் டியானா வில்க்ஸ்-கிப்ஸும் அதை 1986-இல் வெளியிட்டனர்.

சீனாவில் டேங்க்ராம் என்றொரு விளையாட்டு உண்டு. ஒரு சதுரத்தை ஏழு துண்டுகளாக வெட்டி, அவற்றைச் சேர்த்து மனிதன், பறவை, படகு போன்ற உருவங்களை அமைப்பார்கள். அத்தகைய உருவங்கள் பன்னிரண்டை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டனர். எதற்கும் பெயர் கிடையாது. ஒரு மேசையின் நடுவே தடுப்பு. இருபுறமும் இரு மாணவர்கள். இருவரிடமும் அதே பன்னிரண்டு அட்டைகள். ஒருவரின் அட்டைகள் ஒரு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். அவர் வாயால் சொல்ல, மற்றவர் தம் அட்டைகளை அதே வரிசையில் அடுக்கவேண்டும். முடிந்ததும் வரிசையைக் கலைத்துவிட்டு மறுபடியும் அதே வேலை. இவ்வாறு ஆறு முறை.

முதல் முறையில் ஓர் உருவத்தை உணர்த்தச் சொல்பவருக்குச் சராசரியாக 41 சொற்கள் தேவைப்பட்டன. ஆறாவது முறையில் 8 சொற்களே போதுமாயின. முதலில், "பனிச்சறுக்கு ஆடும் ஆள் மாதிரி இருக்கிறது, ஆனால் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு..." என்று இழுத்த ஒருவர், கடைசியில் "பனிச்சறுக்கு ஆள்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். எதிரில் இருந்தவர் உடனே சரியான அட்டையை எடுத்துவிட்டார்.

பழகப் பழக எந்த வேலையும் விரைவாகும், இதிலென்ன வியப்பு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் விடை வேறு ஒரு சோதனையில் இருக்கிறது. ராபர்ட் கிராஸ், சிட்னி வைன்ஹைமர் என்ற இருவர் 1966-இல் இதைப் போன்றதொரு சோதனையில், கேட்பவரின் மறுமொழி சொல்பவருக்குக் கேட்காதவாறு செய்து பார்த்தனர். அப்போது பெயர்கள் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. சொல்பவர் அதே உருவத்தை மீண்டும் மீண்டும் வருணித்துப் பழகியும், எதிரிலிருந்து "எது, தலை சாய்ந்திருக்கிறதே, அதுவா?" என்ற குரல் வராதபோது நீட்டி முழக்கியே பேச வேண்டியிருந்தது. ஆகவே சுருக்கம் வாய்ப் பழக்கத்தால் மட்டும் வந்ததன்று. "பனிச்சறுக்கு ஆள்" என்ற பெயர் அவ்விருவரும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம். ஒருவர் முன்மொழிந்தார், மற்றவர் திருத்தினார் அல்லது ஏற்றார். அப்படி இருவருக்கும் பொதுவாகிவிட்ட அறிவைக் கிளார்க் 'பொதுத் தளம்' என்று அழைத்தார். அடுத்த பேச்சு அந்தத் தளத்தின்மேல் நின்று நடக்கிறது.

இதைவிடவும் கூர்மையான சான்று 1989-இல் கிடைத்தது. மைக்கேல் ஷோபரும் கிளார்க்கும் மூன்றாவது ஆளைக் கொண்டுவந்தனர். அவர் இருவரின் பேச்சையும் முதற்சொல்லிலிருந்து கேட்டபடி தாமும் அட்டைகளை அடுக்கவேண்டும். ஆனால் வாய் திறக்கக் கூடாது. பேச்சில் பங்கு கொண்டவர் காதில் விழுந்த ஒவ்வொரு சொல்லும் இவர் காதிலும் விழுந்தது. ஆயினும் இவர் செய்த பிழைகள் அதிகம். குழாய்ப் படம் மெய்யானால் இது நடக்கவே கூடாது. ஒரே குழாயில் இரண்டு குடங்கள் நிரம்பும்போது ஒன்று மட்டும் ஏன் குறையவேண்டும்?

உங்கள் வகுப்பிலேயே இதைச் செய்து பார்க்கலாம். பழைய நாள்காட்டி அட்டையில் வாயில் நுழையாத வடிவங்கள் பன்னிரண்டை வெட்டி, அதே போல் இன்னும் இரு தொகுதிகள் செய்துகொள்ளுங்கள். நடுவில் புத்தகப் பையைத் தடுப்பாக வையுங்கள். மூன்றாம் நண்பரை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வதுதான் இதில் கடினமான பகுதி.

'ம்' கொட்டும் வேலை

பாட்டி கதை சொல்லும்போது, "ம் கொட்டிக்கொண்டே கேள், இல்லாவிட்டால் சொல்லமாட்டேன்" என்று நிபந்தனை போடுவது நம் வீடுகளில் உண்டு. குழந்தை தூங்கிவிட்டதா என்று அறிய அது ஒரு வழி என்றே பலரும் எண்ணுவர். அதற்கு மேலும் அதில் விஷயம் இருக்கிறது. விக்டர் இங்வி என்ற அமெரிக்க மொழியியலறிஞர் 1970-இல் இத்தகைய 'ம்', 'அப்படியா', தலையசைப்பு ஆகியவற்றுக்கு ஒரு பெயர் வைத்து, ஒருவர் பேசும்போதே எதிர்த்திசையிலும் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டினார்.

அந்த எதிரோட்டத்தைத் தடுத்தால் என்ன ஆகும்? கனடா நாட்டின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவெலாஸ் என்ற பெண் அறிஞரும் அவர் குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. ஒருவர், தாம் ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பிய உண்மைக் கதையைச் சொல்கிறார். கேட்பவருக்கோ இரகசியமாக ஒரு வேலை தரப்பட்டிருக்கிறது: கதையில் ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவர் ஒவ்வொரு சொல்லையும் கவனமாகத்தான் கேட்கிறார். ஆனால் கதையைக் கேட்கவில்லை. திகிலான இடத்தில் முகம் சுளிப்பதில்லை, 'ஐயோ' என்பதில்லை. விளைவு, கதை சொல்பவர் தடுமாறினார். அதுவும் கதை உச்சத்தை எட்டும் முடிவுப் பகுதியில்தான் தடுமாற்றம் மிகுதி. முடிவைச் சொல்லிவிட்டு மீண்டும் சொன்னார். அது ஏன் ஆபத்தானது என்று விளக்கம் தர முற்பட்டார். தம் சொந்தக் கதையையே சொல்லத் தெரியாதவர் போலானார். பாட்டியின் நிபந்தனை நியாயமானதே.

'சரி'யின் நான்கு படிகள்

ஆனால் எல்லா மறுமொழியும் ஒரே அளவு சான்று ஆகாது. தமிழில் 'சரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "உன் குரல் கேட்கிறது, மேலே சொல்" என்பதும் சரி. "நீ சொன்ன சொற்கள் காதில் விழுந்தன" என்பதும் சரி. "பொருள் விளங்கிற்று" என்பதும் சரி. "ஒப்புக்கொள்கிறேன், அப்படியே செய்கிறேன்" என்பதும் சரி. நான்கும் படிப்படியாக மேலே போகும் நிலைகள். மேற்படியில் நிற்பவர் கீழ்ப்படிகளைத் தாண்டியிருப்பார்; கீழ்ப்படியில் நிற்பவர் மேலே ஏறினார் என்பதற்கு உறுதி இல்லை. 'சரி' என்ற ஒலியோ எந்தப் படியிலிருந்து வருகிறது என்று காட்டிக்கொடுப்பதில்லை. (விருந்துக்கு அழைத்தவரிடம் "சரி, பார்க்கலாம்" என்பது ஐந்தாவது வகை. அது மறுப்பு.) "புரிகிறதா?" என்று ஆசிரியர் கேட்க, வகுப்பு முழுவதும் "புரிகிறது சார்" என்று முழங்குவது பெரும்பாலும் முதற்படிக்கே சான்று. "எழுந்து வந்து நீ செய்து காட்டு" என்பவரை நமக்குப் பிடிப்பதில்லை. ஆனால் நான்காம் படியைச் சோதிக்கத் தெரிந்தவர் அவர்தான்.

பேசுபவருக்கு இந்த வேறுபாடு ஏன் தெரிவதில்லை? எலிசபெத் நியூட்டன் என்ற ஆராய்ச்சி மாணவி 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை செய்தார். ஒருவர், யாவரும் அறிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை மேசையில் விரலால் தட்டுவார். மற்றவர் பாட்டைக் கண்டுபிடிக்கவேண்டும். தட்டியவர்கள், இரண்டில் ஒன்றைக் கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்று கணித்தனர். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே. தட்டுபவரின் தலைக்குள் பாட்டு முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவருக்கு வெறும் 'டொக் டொக்'தான் கேட்கிறது என்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடிவதில்லை.

ஒரே ஓடுபாதையில் இரு விமானங்கள்

1977-ஆம் ஆண்டு மார்ச்சு 27. அட்லாண்டிக் கடலில் ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான கானரித் தீவுகளில் ஒன்று டெனரீஃப். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே செல்ல வேண்டிய விமானங்கள் டெனரீஃபின் சிறிய லாஸ் ரோதியோஸ் நிலையத்திற்குத் திருப்பப்பட்டன. நிற்க இடமில்லாமல் பக்கப் பாதையிலும் விமானங்கள் நிறுத்தப்பட்டன. ஆகவே புறப்படும் விமானம் ஓடுபாதையிலேயே மறுகோடி வரை ஊர்ந்து சென்று, திரும்பி நின்று, வந்த வழியே ஓடி மேலெழ வேண்டும். மாலையில் மேகம் தாழ்ந்து நிலையத்தை மூடியது. தரையில் நகரும் விமானத்தைக் காட்டும் ராடார் அங்கே இல்லை. கட்டுப்பாட்டு நிலையத்திற்கும் விமானிகளுக்கும் கண் தெரியவில்லை. வானொலிப் பேச்சு ஒன்றே வழி.

கே.எல்.எம். என்ற டச்சு நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையின் கோடிக்குப் போய்த் திரும்பி நின்றது. அதன் பின்னால் அமெரிக்கப் பான் ஆம் நிறுவனத்தின் 747 அதே ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது கிளைப்பாதையில் விலகும்படி அதற்குச் சொல்லப்பட்டிருந்தது. மூடுபனியில் அந்தக் கிளையை அது தாண்டிவிட்டது.

விமானம் புறப்படுமுன் இரண்டு அனுமதிகள் வேண்டும். மேலெழுந்த பின் எந்த வழியில் போவது என்பது ஒன்று. இப்போது ஓடத் தொடங்கலாம் என்பது மற்றொன்று. கே.எல்.எம். விமானத்திற்கு வழி அனுமதி மட்டும் கிடைத்தது. ஆனால் அந்த வாசகத்திலேயே "புறப்பாட்டுக்குப் பின் வலப்புறம் திரும்பவும்" என்பதைப் போல் 'புறப்பாடு' என்ற சொல் இருந்தது. துணை விமானி அதை முறைப்படி திருப்பிச் சொன்னார். சொல்லி முடிக்கையில், "நாங்கள் இப்போது புறப்பாட்டில் இருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சேர்த்தார். அவர் வாய் மூடுமுன்பே தலைமை விமானி விமானத்தை ஓடவிட்டிருந்தார்.

'புறப்பாட்டில் இருக்கிறோம்' என்றால் என்ன? ஓடத் தொடங்கிவிட்டோம் என்பதா, புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்பதா? தமிழில் சொன்னாலும் இரண்டுக்கும் இடமிருக்கிறது. டச்சு மொழியில் நடந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்க இடத்தைச் சுட்டும் சொல் ஒன்றைச் சேர்ப்பர். துணை விமானி அந்தப் பழக்கத்தில் பேசியிருக்கலாம் என்று மொழியியலறிஞர் சிலர் கருதுகின்றனர். கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்தவரோ அதை நிற்பதாகவே எடுத்துக்கொண்டார். "ஓ.கே." என்றார். சிறு இடைவெளி விட்டு, "புறப்பாட்டுக்குக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்றார். அதே விநாடியில் பான் ஆம் விமானியும், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் ஊர்கிறோம்" என்று அறிவித்தார். ஒரே அலைவரிசையில் இரு குரல்கள் மோதினால் வெறும் கீச்சொலியே மிஞ்சும். டச்சு விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது 'ஓ.கே.' மட்டும்.

அடுத்துக் கட்டுப்பாட்டு நிலையம், ஓடுபாதையை விட்டு நீங்கியதும் தெரிவிக்கும்படி பான் ஆம் விமானத்திடம் கூறியது. இது டச்சு விமானத்திலும் கேட்டது. அதன் பொறியாளர், "அந்த விமானம் இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டார். "விலகிவிட்டது" என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டார் தலைமை விமானி. அவர் நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். பொறியாளர் மேலே பேசவில்லை. சில விநாடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர். பான் ஆம் விமானத்தில் 61 பேர் பிழைத்தனர். டச்சு விமானத்தில் ஒருவரும் இல்லை. விமானப் போக்குவரத்து வரலாற்றில் இரு விமானங்கள் மோதி இத்தனை உயிர்கள் போன விபத்து வேறு இல்லை.

கீச்சொலி இங்கே ஷானன் சொன்ன இரைச்சல்தான். ஆனால் இரைச்சல் மட்டும் காரணமா? அந்த 'ஓ.கே.' தெளிவாகக் கேட்டது. சொன்னவர் இரண்டாம் படியில் நின்று சொன்னார். கேட்டவர் நான்காம் படியில் வைத்து வாங்கிக்கொண்டார். இரு தலைகளிலும் வேறு வேறு பாட்டு.

பின்னர் விமானத்துறை தன் பேச்சையே திருத்திக்கொண்டது. இன்று 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, ஓடிப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை நீக்கும்போதும் மட்டுமே கட்டுப்பாட்டு நிலையம் வழங்கலாம். மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்று வேறு சொல். ஓடுபாதை பற்றிய அனுமதிகளை விமானி முழுவதும் திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னது சரியா என்று நிலையம் கவனிக்கவேண்டும். கீழ்நிலையில் இருப்பவர் ஐயத்தை வாய்விட்டுச் சொல்லவும், தலைமை விமானி அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் தனிப் பயிற்சிகள் தோன்றின.

எரிபொருள் தீர்கிறது

இவ்வளவு திருத்தமும் போதவில்லை. 1990 ஜனவரி 25 இரவு, கொலம்பியா நாட்டிலிருந்து நியூயார்க்குக்கு வந்த ஏவியாங்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமிட வைக்கப்பட்டது. துணை விமானி, தங்களுக்கு 'முன்னுரிமை' வேண்டும் என்றார். முதன்முறை இறங்க முயன்று முடியாமல் மீண்டும் மேலெழுந்தபோது, "அவசர நிலை என்று சொல்" என்று தலைமை விமானி ஸ்பானிய மொழியில் பணித்தார். துணை விமானி ஆங்கிலத்தில், வந்த கட்டளையை ஏற்றுத் திருப்பிச் சொல்லிவிட்டு, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சேர்த்தார். மறுமொழி: "ஓ.கே." தலைமை விமானி, "சொல்லிவிட்டாயா?" என்றார். "சொல்லிவிட்டேன், ஐயா" என்றார் இவர். சற்றுத் தொலைவு சுற்றிக்கொண்டு வரச் செய்கிறோம், உங்கள் எரிபொருளுக்கு அது ஒத்துவருமா என்று நிலையம் கேட்டபோது, "வரும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி" என்று பணிவோடு பதில் போயிற்று.

இங்கே இரைச்சல் இல்லை. எல்லாச் சொற்களும் முழுதாகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் அந்த இரவில் காத்திருந்த விமானம் எதற்குத்தான் எரிபொருள் குறையவில்லை? 'அவசர நிலை' என்ற ஒரு சொல்லுக்கே நிலையத்தில் மற்ற எல்லா வேலையும் நிற்கும். அச்சொல் ஒருமுறைகூட வானொலியில் ஒலிக்கவில்லை. நான்கு இயந்திரங்களும் நின்றுபோய் விமானம் லாங் தீவில் விழுந்தது. அதில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர். தீப்பிடிக்கவில்லை, பிடிப்பதற்கு எரிபொருள் இல்லை.

விசாரணை செய்த அமெரிக்க வாரியம், அவசர நிலையை அறிவிக்கத் தவறிய விமானிகளைக் குறை கூறியது. அதோடு, எரிபொருள் குறைவைச் சொல்ல இருதரப்புக்கும் பொதுவான திட்டவட்டமான சொற்கள் இல்லாமையையும் ஒரு காரணமாகச் சுட்டியது. அந்தச் சொற்கள் 2012-இல் உலக விதியில் இடம்பெற்றன. 'மினிமம் ஃப்யூவல்' என்றால், இனி ஒரு தாமதம் நேர்ந்தாலும் இருப்பு எரிபொருளில் கைவைக்க வேண்டிவரும் என்பது பொருள். 'மேடே ஃப்யூவல்' என்று மும்முறை 'மேடே' சேர்த்துச் சொன்னால், அந்த இருப்பில் கைவைக்காமல் இனித் தரையிறங்க முடியாது, மற்றவர்களை விலக்கி எங்களுக்கு வழிவிடுங்கள் என்பது பொருள்.